பாரிஸின் மலிவு மேசை

பாரிஸின் 9ஆம் வட்டாரத்தில், ஃபோபூர் மோன்மார்த்ர் தெருவின் 7ஆம் எண் வாசலுக்குள் நுழைந்து சிறு முற்றம் ஒன்றைக் கடந்தால் ‘பூயோன் ஷார்த்தியே’ உணவகம் வருகிறது. ஃபிரெடெரிக், கமீய் ஷார்த்தியே என்ற சகோதரர்கள் இதை 1896இல் தொடங்கினார்கள். எலும்பும் இறைச்சியும் போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவைத்து எடுக்கும் சாற்றுக்குப் பிரெஞ்சு மொழியில் பூயோன் என்று பெயர். அந்தச் சாற்றை மலிவாக விற்ற உணவகங்களுக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. 1900ஆம் ஆண்டை ஒட்டி அந்நகரில் ஏறத்தாழ 250 பூயோன்கள் இருந்தன. அவற்றுள் தொடங்கிய இடத்திலேயே, தொடங்கிய நோக்கம் இடையில் மாறாமல் இன்றுவரை அடுப்பெரிவது ஷார்த்தியேயில்தான்.

பிரெஞ்சுச் சமையலின் வரலாறு என்று எழுதப்படுவதில் பெரும்பகுதி அரண்மனைச் சமையல்காரர்களையும் நட்சத்திர உணவகங்களையும் பற்றியது. அலுவலக எழுத்தரும் தையல்காரப் பெண்ணும் அச்சுக்கூடத் தொழிலாளியும் நண்பகலில் எங்கே உட்கார்ந்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், எதைத் தின்றார்கள் என்பதற்கு அந்த நூல்களில் கிடைக்கும் இடம் குறைவு. நகரத்துச் சாப்பாட்டின் உண்மையான வரலாறு அங்கேதான் இருக்கிறது. பூயோனும், அதன் சிறிய உறவான பிஸ்ட்ரோவும் அந்த வரலாற்றின் இரு கிளைகள்.

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பாரிஸில் வெளியே சாப்பிடுவது என்றால் சத்திரத்தின் பொதுமேசையில் உட்காருவதுதான். குறித்த மணிக்குப் போகவேண்டும். எல்லோருக்கும் ஒரே பாத்திரம். வேகமாக எடுத்துப் போட்டுக்கொள்ளத் தெரிந்தவருக்கு நல்ல துண்டு, கூச்சப்பட்டவருக்கு மிச்சம். 1760களின் பிற்பகுதியில் உடல் தேற்றும் சாறுகளை விற்ற கடைகள் தோன்றின. அங்கே தனித்தனி மேசை இருந்தது, விலை எழுதிய பட்டியல் இருந்தது, விரும்பிய நேரத்தில் போகலாம். ரெஸ்டாரண்ட் என்று இன்று உலகம் முழுவதும் வழங்கும் ஏற்பாடு இந்தக் கடைகளிலிருந்து வளர்ந்தது. 1791இல் புரட்சி அரசு கைவினைச் சங்கங்களை ஒழித்தபோது, சுட்ட இறைச்சியை ஒருவரும் சாறு வகைகளை இன்னொருவரும் மட்டுமே விற்கலாம் என்பது போன்ற பழைய உரிமைப் பங்கீடுகள் போயின. பிரபுக்களின் மாளிகைகளில் வேலையிழந்த சமையல்காரர்களும் கடை திறந்தார்கள். பாலே ரொயால் அரண்மனையின் சுற்றுவட்டாரம் உணவகங்களால் நிறைந்தது.

ஆனால் அவை பணமுள்ளவர்களுக்கானவை. ஏழைகளுக்கு வேறொரு சந்தை இருந்தது. பெரிய வீடுகளிலும் உணவகங்களிலும் தட்டில் மிஞ்சிய இறைச்சித் துண்டு, மீன், காய், இனிப்பு எல்லாவற்றையும் வாங்கிவந்து, ஒரே தட்டில் கலந்து அடுக்கி, நகரின் மையச் சந்தையான லே ஆலில் விற்பார்கள். பல நிறத் துண்டுகள் சேர்ந்த கோமாளி உடையைப்போலத் தோன்றியதால் அதை ‘ஆர்லெக்கேன்’ என்றார்கள். 1873இல் வெளிவந்த ‘பாரிஸின் வயிறு’ நாவலை எமில் ஸோலா எழுதியது இந்தச் சந்தையைக் களமாக வைத்துத்தான். சந்தையில் உணவு மலைபோல் குவிந்திருக்க, அதைச் சுமந்தவர்களுக்கும் விற்றவர்களுக்கும் சூடான ஒரு வேளைச் சோறு உறுதியில்லாத நிலை அங்கே இருந்தது.

நகரமும் வீங்கிக்கொண்டிருந்தது. 1851இல் பாரிஸின் மக்கள்தொகை சுமார் 10.5 லட்சம்; 1901இல் 27 லட்சத்தைத் தாண்டியது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஓஸ்மான் பழைய சந்துகளை இடித்து அகலமான வீதிகளை அமைத்தபோது தொழிலாளர் குடியிருப்புகள் நகரின் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டன. வேலை நடுநகரில், வீடு விளிம்பில். மதியத்துக்கு வீடு திரும்ப முடியாதவர் கூட்டம் இப்படித்தான் பெருகியது. வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், பெரிய துணிக்கடைகள், அமைச்சகங்கள் எல்லாம் ஆயிரக்கணக்கான எழுத்தர்களையும் விற்பனைப் பெண்களையும் வேலைக்கு எடுத்தன. சம்பளம் சிறியது, இடைவேளை குறுகியது, ஆனால் உடுத்தும் சட்டையில் கறை இருக்கக்கூடாது என்ற கட்டாயம் இருந்தது. ஆர்லெக்கேன் தட்டுக்கு அவர்கள் போகமாட்டார்கள். பாலே ரொயாலுக்குப் போக முடியாது.

இந்த இடைவெளியைக் கண்டவர் டுவால் என்ற இறைச்சி வணிகர். வசதியான வீடுகளுக்கு முதுகு, தொடைப் பகுதிகளின் நல்ல துண்டுகளை விற்றபின் கழுத்தும் காலும் விலாவும் எலும்பும் அவர் கடையில் தேங்கின. அவற்றை நீண்டநேரம் கொதிக்கவைத்தால் சாறும் மெத்தென்று வெந்த மாட்டிறைச்சியும் கிடைக்கும். 1850களின் நடுவில், லே ஆல் சந்தை வட்டாரத்துத் தொழிலாளர்களுக்கு இந்த இரண்டையும் மலிவாகக் கொடுக்கும் கடையை அவர் திறந்தார். கூட்டம் பெருகவே, மோந்தெஸ்கியே தெருவில் முன்பு நடனக்கூடமாக இருந்த பெரிய மண்டபத்தை எடுத்து உணவுக்கூடமாக மாற்றினார். பிறகு நகரெங்கும் கிளைகள். 1867இல் அது பங்கு நிறுவனமாயிற்று. இறைச்சிக் கடை, ரொட்டி அடுப்பு, மது நிலவறை, சலவைக்கூடம் எல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம். ஒரே பெயர், ஒரே பட்டியல், ஒரே விலை, பல கிளைகள் என்ற சங்கிலி உணவக முறைக்கு டுவாலின் கடைகள் மிக முந்திய எடுத்துக்காட்டு.

டுவால் கடையின் நடைமுறையைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். வாசலில் வாடிக்கையாளர் கையில் ஓர் அச்சிட்ட சீட்டு கொடுக்கப்படும். மேசையில் உட்கார்ந்து அவர் கேட்கும் ஒவ்வொன்றையும், ரொட்டியைக்கூட, பரிமாறும் பெண் அந்தச் சீட்டில் குறிப்பாள். வெளியேறும்போது கல்லாவில் சீட்டைக் காட்டிப் பணம் கட்டவேண்டும். எதற்கு எவ்வளவு என்பது கண்முன்னே எழுதப்பட்டிருக்கும். கடைசியில் தலைசுற்றவைக்கும் தொகை வராது. கையில் இருக்கும் காசுக்கு ஏற்பச் சாறும் ரொட்டியும் மட்டும் சாப்பிட்டு எழுந்துபோனாலும் யாரும் ஏளனமாகப் பார்ப்பதில்லை. பரிமாறியவர்கள் பெண்கள், கறுப்பு ஆடை, வெள்ளை ஏப்ரன், வெள்ளைத் தொப்பி. ஓவியர் ரெனுவார் 1875 வாக்கில் தீட்டிய ‘டுவால் உணவகப் பரிமாறுபெண்’ என்ற ஓவியம் இன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெண்கள் பரிமாறியதாலும் இடம் சுத்தமாக இருந்ததாலும், துணையில்லாமல் வரும் பெண்களும் அங்கே தயக்கமின்றி உட்கார்ந்தார்கள். அந்தக் காலப் பாரிஸில் இது சிறிய மாற்றம் இல்லை. பேடெக்கர் வழிகாட்டி நூல்களும் வெளியூர்ப் பயணிகளுக்கு டுவால் கடைகளைப் பரிந்துரைத்தன.

எல்லோரும் புகழ்ந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. 1882இல் உயிஸ்மான்ஸ் எழுதிய ‘ஆ வோலோ’ என்ற குறுநாவலின் நாயகன் ஓர் அமைச்சக எழுத்தர். சுமாரான ஒரு வேளைச் சாப்பாட்டைத் தேடி அவர் பாரிஸின் மலிவு உணவகங்களை ஒவ்வொன்றாக ஏறி இறங்குவதுதான் கதை; பூயோனும் அவருக்குத் திருப்தி தரவில்லை. தனியாக வாழ்ந்த சிறுசம்பளக்காரர் ஒருவருக்கு மதியச் சாப்பாடு எவ்வளவு பெரிய கவலையாக இருந்தது என்பதற்கு அந்தக் குறுநாவலை விடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பூயோன் பெரிய மண்டபமாக வளர்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், தெருமூலைகளில் சின்னஞ்சிறு பிஸ்ட்ரோக்கள் முளைத்தன. அவற்றின் ஊற்று வேறு. நடு பிரான்ஸின் மலைநாடான ஓவெர்ன், அதை ஒட்டிய ஆவெய்ரோன் பகுதிகளில் நிலம் வளம் குறைந்தது, குளிர் கடுமையானது. அங்கிருந்து பாரிஸ் வந்தவர்கள் முதலில் வாளிகளில் தண்ணீர் சுமந்து மாடிமாடியாக விற்றார்கள். குழாய்த் தண்ணீர் வீடுகளுக்குள் வந்ததும் அந்தப் பிழைப்பு போயிற்று. அதன்பின் விறகும் நிலக்கரியும் சுமந்தார்கள். பாரிஸ்காரர்கள் இவர்களைப் ‘பூன்யா’ என்று அழைத்தார்கள். கணவன் கரி மூட்டையோடு படியேறிக்கொண்டிருக்க, மனைவி கடையின் ஒரு மூலையில் பலகை போட்டு மது ஊற்றிக் கொடுப்பாள். ‘மதுவும் கரியும்’ என்று பலகை தொங்கிய இந்தக் கடைகளின் உள்ளே, குடும்பத்துக்காக அடுப்பில் வேகும் பருப்பிலும் உப்பிட்ட பன்றியிறைச்சியிலும் பசியோடு வந்தவருக்கும் ஒரு தட்டு கிடைத்தது. நாளடைவில் கரி பின்வாங்கியது, மேசைகள் கூடின.

1880 ஜூலை 17 அன்று இயற்றப்பட்ட சட்டம் மதுக்கடை திறப்பதை எளிதாக்கியது. முன்அனுமதி தேவையில்லை, அறிவித்தால் போதும் என்றாகிவிட்டது. ஊர்க்காரர்கள் ஊர்க்காரர்களுக்குக் கைகொடுத்தார்கள். காப்பி, மது மொத்த வணிகர்கள் நம்பிக்கையின்மேல் கடன் தந்து புதியவரைக் கடையில் அமர்த்தினார்கள்; அவர் அவர்களிடமே சரக்கு எடுப்பார். 1882 முதல் ‘லோவெர்ன்யா த பாரி’ என்ற செய்தித்தாள் இந்தச் சமூகத்துக்காக வெளிவந்தது. விற்பனைக்கு உள்ள கடைகளைப் பற்றிய விளம்பரங்கள் அதன் பக்கங்களை நிரப்பின. சான் ஜெர்மேன் தே ப்ரே பகுதியில் 1880இல் லியோனார் லிப் என்ற அல்சாஸ்காரர் தொடங்கிய லிப் பிராசரி என்ற பீர் உணவகத்தை 1920இல் வாங்கிய மார்செலேன் கசேஸும் ஆவெய்ரோன்காரர்தான். எழுத்தாளர்களும் அமைச்சர்களும் கூடிய அந்த இடத்தின் புகழுக்குப் பின்னால் மலைநாட்டுக் குடியேறிகளின் உழைப்பு நிற்கிறது.

பிஸ்ட்ரோவின் உள்ளமைப்பு எளியது. துத்தநாகத் தகடு வேய்ந்த குடிமேடை, பத்துப் பதினைந்து மேசை, அன்றைய உணவைச் சாக்கட்டியால் எழுதிய கற்பலகை. அன்று சந்தையில் எது மலிவோ அதுவே அன்றைய உணவு. பட்டியல் குறுகினால் வீணாவது குறையும், அடுப்பருகில் ஒரே ஆள் போதும், விலை ஏறாது. வாடிக்கையாளரின் பெயர் முதலாளிக்குத் தெரியும். சம்பள நாள்வரை கணக்கு வைத்துக்கொள்வதும் உண்டு. பூயோன் ஆயிரம் பேருக்குச் செய்ததைப் பிஸ்ட்ரோ முப்பது பேருக்குச் செய்தது.

ஷார்த்தியே சகோதரர்கள் 1896இல் கடை திறந்தபோது டுவாலின் முறை ஏற்கெனவே நாற்பது ஆண்டு பழையது. அவர்கள் அதில் சேர்த்தது இடத்தின் அழகு. ரயில் நிலையக் கூடத்தைப்போல உயர்ந்த மண்டபம், வெளிச்சம் இறங்கும் கண்ணாடிக் கூரை, உருண்டை விளக்குகள், சுவர் நெடுகப் பெரிய கண்ணாடிகள், மேலே ஒரு மாடித்தளம். மேசைகளுக்கு மேலே ரயில்பெட்டிகளில் இருப்பதைப்போன்ற பித்தளைச் சட்டங்கள். தொப்பியும் மேலங்கியும் பையும் அங்கே போகும். இடம் மிச்சப்படுத்தும் ஏற்பாடுதான். ஆனால் ஒரு தச்சுத் தொழிலாளி தலைக்குமேல் பித்தளை மின்ன, கண்ணாடியில் மண்டபம் இரட்டித்துத் தெரிய உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதும் உண்மை. ஏழையின் உணவகம் ஏழ்மையாகத் தோன்றவேண்டியதில்லை என்ற எண்ணத்தை அந்த மண்டபத்தைக் கட்டியவர்கள் செயலில் காட்டினார்கள். அதுவே ஷார்த்தியேயின் மிகப்பெரிய கொடை.

சுவரோரத்தில் எண் குறித்த சிறு மர இழுப்பறைகள் இருக்கின்றன. தினமும் வருபவர்கள் தங்கள் கைத்துண்டைச் சாப்பிட்டபின் மடித்து அவரவர் இழுப்பறையில் வைத்துவிட்டுப் போவார்கள், மறுநாள் எடுத்துக்கொள்வார்கள். துண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் சலவைக்குப் போகும் காலம் அது. ஒரே ஆள் ஒரே இடத்துக்கு ஆண்டுக்கணக்கில் வந்தார் என்பதற்கு அந்த இழுப்பறைகளே பதிவேடு. லத்தீன் குவார்ட்டியே பகுதியின் பழைய பொலிதோர் உணவகத்திலும் இத்தகைய இழுப்பறைகள் உண்டு. ஷார்த்தியேயின் சுவரில் ஜெர்மோன் என்ற ஓவியர் 1929இல் தீட்டிய பெரிய ஓவியம் இருக்கிறது. சாப்பிட்ட கடனை அடைக்க அவர் அதை வரைந்து கொடுத்தார் என்பது அந்தக் கடையில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

ஷார்த்தியேயில் பரிமாறுபவர் பல பைகள் வைத்த கறுப்பு மேல்சட்டையும் நீண்ட வெள்ளை ஏப்ரனும் அணிந்திருப்பார். ஒரு பையில் சில்லறை, இன்னொன்றில் பாட்டில் திறப்பான், மற்றொன்றில் பென்சில். முன்பதிவு கிடையாது. வரிசையில் நின்று உள்ளே போனால் காலியான நாற்காலி எந்த மேசையில் இருக்கிறதோ அங்கே உட்காரவேண்டும். முன்பின் தெரியாதவர்கள் எதிரெதிரே அமர்ந்து ஒரே ரொட்டிக் கூடையிலிருந்து எடுப்பார்கள். கேட்டதைப் பரிமாறுபவர் மேசைமேல் விரித்த காகிதத்திலேயே எழுதுவார். சாப்பிட்டு முடிந்ததும் அதே காகிதத்தில் ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை எழுதி, கூட்டி, அடிக்கோடு போடுவார். டுவாலின் சீட்டு இங்கே மேசைவிரிப்பாகிவிட்டது. கணக்கு எல்லோர் கண்முன்னும் நடக்கிறது. மேசை காலியானால் காகிதத்தைச் சுருட்டி எறிந்துவிட்டு அடுத்ததை விரிக்கலாம். துணி துவைக்கும் செலவும் மிச்சம்.

நாள்தோறும் தேதி போட்டு அச்சிடப்படும் பட்டியல் நூற்றாண்டில் பெரிதாக மாறவில்லை. வெந்த முட்டைமேல் மயோனேஸ், வினிகர் ஊற்றிய லீக் தண்டு, துருவிய செலரி வேர், எண்ணெயில் ஊறிய ஹெர்ரிங் மீனும் உருளைக்கிழங்கும், பிறகு மாட்டிறைச்சியும் கேரட்டும் டர்னிப்பும் சேர்த்து வேகவைத்த பொத்தோஃபே, கொழுப்பில் வேகவைத்த வாத்துக்கால், குடல் சாசேஜ், கன்றுத்தலை. இனிப்பில் ரம் ஊறிய பாபா, கஷ்கொட்டை மசியல்மேல் அடித்த கிரீம். பட்டியலைக் கூர்ந்து படித்தால் ஒரு கணக்கு புலப்படும். முன்னுணவுகள் எல்லாம் முன்கூட்டியே செய்து ஆறவைக்கக் கூடியவை. மேசைக்கு வர இரண்டு நிமிடம் போதும். இறைச்சி வகைகளில் பெரும்பாலானவை விலை குறைந்த பகுதிகள். நீண்டநேரம் அடுப்பில் கிடந்தால் கெடாமல் ருசி ஏறுபவை. கடைசி நேரத்தில் சமையல்காரரின் கைத்திறனை நம்பியிருப்பவை மிகக் குறைவு. இதனால் ஒரு மேசை நாளில் பலமுறை நிரம்பிக் காலியாக முடிகிறது. முட்டையில் கிடைக்கும் லாபம் சில காசு. அது ஆயிரக்கணக்கான முட்டைகளில் கூடும். தொடங்கியதிலிருந்து 5 கோடி சாப்பாடு பரிமாறியிருப்பதாக ஷார்த்தியே நிர்வாகம் சொல்கிறது.

20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டு பூயோன்களின் பொற்காலம். ஆர் நூவோ என்ற அலங்காரப் பாணி அப்போது உச்சத்தில் இருந்தது. கமீய் ஷார்த்தியே 1906இல் ராசீன் தெருவில் திறந்த கிளையில் செதுக்கிய மரமும் வண்ணக் கண்ணாடியும் ஓடுகளும் சுவரை மூடின. ஃபோபூர் சான் தெனி தெருவின் ஜூலியேன் பூயோனில் லூயி த்ரெஸெல் வடித்த, நான்கு பருவகாலங்களைக் குறிக்கும் பெண்கள் சுவரில் நிற்கிறார்கள். பிறகு முதல் உலகப் போர் வந்தது; விலைவாசி ஏறியது, ஆள் கிடைக்கவில்லை. இரு உலகப் போர்களுக்கு இடையில் பல பூயோன்கள் கை மாறின, பிராசரி ஆயின, அல்லது பூட்டிக் கிடந்தன. டுவாலின் பெயரும் தெருக்களிலிருந்து மறைந்தது. ராசீன் தெருக் கட்டடம் பின்னாளில் சோர்போன் பல்கலைக்கழக ஊழியர்களின் உணவுக்கூடமாக ஓடியது.

ஷார்த்தியே தப்பியதற்குக் காரணங்களை ஊகிக்க வேண்டியதில்லை. அதன் முகவரியைப் பார்த்தால் போதும். சுற்றிலும் வங்கிகள், பங்குச்சந்தை, செய்தித்தாள் அலுவலகங்கள், நாடக அரங்குகள். மதியம் எழுத்தர்கள், மாலையில் நாடகம் பார்க்க வருபவர்கள், இரவில் அச்சுக்கூடக்காரர்கள். ஒரு கூட்டம் குறைந்தாலும் இன்னொன்று இருந்தது. 1967இல் பிரான்ஸ் உணவுச் சீட்டு முறைக்குச் சட்ட வடிவம் தந்தது. முதலாளி ஒரு பங்கு, தொழிலாளி ஒரு பங்கு போட்டு வாங்கும் சீட்டைக் கொண்டு வெளியே மதிய உணவு சாப்பிடலாம். நகர்ப்புற பிஸ்ட்ரோக்களின் மதிய வியாபாரத்துக்கு இது முக்கியத் தூணாயிற்று.

அதே காலத்தில் அடித்தளம் அசைந்துகொண்டும் இருந்தது. 1969இல் லே ஆல் சந்தை நகருக்கு வெளியே ரன்ஜிஸுக்குப் போயிற்று. 1971 முதல் அதன் இரும்பு மண்டபங்கள் இடிக்கப்பட்டன. விடியற்காலையில் சுமைகாரர்களுக்கு வெங்காயச் சாறு ஊற்றிய கடைகள் வாடிக்கையாளரை இழந்தன. 1973இல் ‘புதிய சமையல்’ அறிக்கை வந்தபின் பத்திரிகைகளின் கண் சிறிய தட்டுகளில் அழகாக அடுக்கிய உணவுகள்மேல் விழுந்தது, பொத்தோஃபே பழம்பஞ்சாங்கமாயிற்று. அமெரிக்கத் துரித உணவு எழுத்தர்களின் குறுகிய இடைவேளையைப் பிடித்துக்கொண்டது. 1960இல் நாடு முழுவதும் சுமார் 2 லட்சமாக இருந்த கஃபே, பிஸ்ட்ரோக்களின் எண்ணிக்கை இப்போது 40,000க்கும் கீழே என்று மதிப்பிடப்படுகிறது. கிராமத்தில் ஒன்று மூடினால் பெரும்பாலும் அந்த ஊரில் கூடுமிடமே இல்லாமல் போகிறது. எண்ணிக்கையைவிட அந்த இழப்பு கனமானது.

மறுமலர்ச்சி இரண்டு திசைகளில் வந்தது. 1992இல் இவ் காம்தபோர்த் பெரிய விடுதியொன்றின் சமையற்கூடத்தை விட்டு, நகரின் தென்விளிம்பில் லா ரெகாலாத் என்ற பிஸ்ட்ரோவை ஏற்று, நட்சத்திர உணவகக் கைத்திறனை எளிய விலையில் கொடுத்தார். அவரைப் பின்பற்றிய இளம் சமையல்காரர்களின் போக்குக்குப் பிஸ்ட்ரோனமி என்ற பெயர் வந்தது. அது நல்ல உணவைத் தந்தது. ஆனால் விலை படிப்படியாக ஏறி, எழுத்தரின் மதியச் சாப்பாடாக அது இருக்கவில்லை. இன்னொரு திசை நேராக டுவாலிடம் திரும்பியது. 2017இல் பிகால் பகுதியில் புதிய பூயோன் ஒன்று திறந்தது: இடைவேளையில்லாத பரிமாறல், பழைய பட்டியல், பழையபடி எளிய விலை. வாசலில் இளைஞர்களின் நீண்ட வரிசை. 2018இல் ஜூலியேன் மீண்டும் பூயோனாயிற்று. 2021இல் ரெப்யூப்ளிக் சதுக்கத்தருகே மேலும் ஒன்று. வீட்டு வாடகை பாதிச் சம்பளத்தைத் தின்னும் நகரத்தில், இரண்டு மூன்று யூரோவுக்கு முட்டை மயோனேஸ் கிடைப்பது பழமைமேல் உள்ள ஏக்கத்தால் மட்டும் விளங்கக்கூடியதில்லை, அது தேவை.

இந்த அடுப்புகளுக்கு முன்னால் நிற்பவர்களும் மாறிவிட்டார்கள். மலைநாட்டுக்காரர்களின் பிள்ளைகள் முதலாளிகளாகி, பிறகு வேறு தொழில்களுக்குப் போனார்கள். பாத்திரம் கழுவுவது, காய் நறுக்குவது, இறைச்சி வேகவைப்பது எல்லாம் மாலி, செனகல், வங்கதேசம், இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்களின் கைக்கு வந்தன. இலங்கையில் தமிழர்மீது நடந்த 1983 ஜூலை வன்முறைக்குப்பின் பாரிஸ் வந்த ஈழத்தமிழர்களில் மிகப் பலருக்குக் கிடைத்த முதல் வேலை உணவகத்தில் கோப்பை கழுவுவதுதான். மொழி தெரியாதவருக்கும் ஈரத்தரையில் பத்து மணி நேரம் நிற்கத் தயாரானவருக்கும் அந்தக் கதவு திறந்திருந்தது. கழுவுமிடத்திலிருந்து காய் நறுக்கும் பலகைக்கும், அங்கிருந்து அடுப்புக்கும் நகர்ந்து, பாரம்பரியப் பிரெஞ்சு உணவை நாள்தோறும் சமைப்பவர்களாக ஆனவர்கள் ஏராளம். ஜூலியேன் பூயோன் நிற்கும் அதே ஃபோபூர் சான் தெனி தெருவின் வடக்குக் கோடி, லா ஷப்பேல் பக்கத்தில், தமிழ்ப் பெயர்ப் பலகைகள் நிறைந்த கடைத்தெருவாக இருக்கிறது. இரவுப் பரிமாறல் முடிந்து வரும் சமையற்கூடத் தொழிலாளிகள் அங்கே கொத்துரொட்டி சாப்பிடுகிறார்கள். மேசையில் வைக்கும் பகேத் ரொட்டிக்கும் இந்தக் கதை நீள்கிறது. பாரிஸின் சிறந்த பகேத்துக்கான 2023ஆம் ஆண்டுப் பரிசு, இலங்கையிலிருந்து வந்து 20ஆம் வட்டாரத்தில் ரொட்டிக்கடை நடத்தும் தர்ஷன் செல்வராஜாவுக்குக் கிடைத்தது. வெற்றி பெற்றவர் ஓராண்டுக்குக் குடியரசுத் தலைவர் மாளிகைக்கு ரொட்டி கொடுப்பது வழக்கம்.

இந்தச் சமையற்கூடத் தொழிலாளிகளுள் கணிசமானோர் வதிவிட ஆவணம் இல்லாமல், ஆனால் சம்பளத்திலிருந்து வரியும் காப்பீடும் பிடிக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் வேலை செய்தார்கள். 2008 ஏப்ரலில் பாரிஸ் வட்டாரத்தில் பல உணவகங்களின் ஆவணமற்ற ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்து, பணியிடத்திலேயே அமர்ந்தார்கள். அதன் பயனாகப் பலருக்கு ஆவணம் கிடைத்தது. பிஸ்ட்ரோவின் வரலாறு எழுதும்போது இந்த வேலைநிறுத்தத்தை விட்டுவிடுவது பூன்யாவின் கரிமூட்டையை விட்டுவிடுவதற்குச் சமம்.

2015 நவம்பர் 13 இரவு பாரிஸ் வட்டாரத்தில் நடந்த பயங்கரவாதத் தாக்குதல்களில் 130 பேர் கொல்லப்பட்டார்கள். ஓர் இசையரங்கோடு கஃபே, உணவகங்களின் வாசல் மேசைகளும் அன்று குறிவைக்கப்பட்டன. சில நாட்களுக்குள் மக்கள் வேண்டுமென்றே வாசல் மேசைகளுக்குத் திரும்பி வந்து அமர்ந்தார்கள். 2020 மார்ச் நடுவில் தொற்றுநோய் காரணமாக எல்லா உணவகங்களும் மூடப்பட்டன. கோடையில் திறந்து, அக்டோபர் இறுதியில் மீண்டும் மூடி, 2021 மே 19 அன்று வாசல் மேசைகளும் ஜூன் 9 அன்று உள்மேசைகளும் திறந்தன. ஆண்டின் 365 நாளும் திறந்திருப்பதைப் பெருமையாகச் சொன்ன ஷார்த்தியேக்கு அத்தனை நீண்ட மௌனம் புதியது. 2024இல் பிஸ்ட்ரோ, கஃபேக்களின் சமூகப் பண்பாட்டு வழக்கங்கள் பிரான்ஸின் அருவமான பண்பாட்டு மரபுகளின் தேசியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

ஷார்த்தியேயின் கட்டடம் 1989 முதல் வரலாற்றுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. சுவரும் கூரையும் மாற்றமுடியாதவை. உள்ளே உட்காருபவர்கள் மாறியிருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் பெருகி, தினமும் வரும் பழைய வாடிக்கையாளர் குறைந்துவிட்டார்கள். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. ஆனாலும் பயணிகளுக்கென்று விலை ஏற்றப்படவில்லை. அதனால்தான் பக்கத்து மேசையில் மாணவரும் ஓய்வூதியக்காரரும் இன்னும் உட்காருகிறார்கள். 2019இல் மோம்பார்னாஸில், 1903இல் பூயோனாகவே கட்டப்பட்ட பழைய மண்டபத்தை ஷார்த்தியே நிறுவனம் எடுத்துத் ஒரு புதிய கிளையைத் திறந்தது. 2022இல் இன்னொரு கிளை கிழக்கு ரயில் நிலையத்தின் எதிரே வந்தது. அங்கும் காகித விரிப்பின்மேல்தான் கணக்கு எழுதப்படுகிறது.